ஒருக்க வந்துட்டுப் போ

முட்டுகிற வரைக்கும் தண்ணீர் குடியுங்கள், முட்டினதும் வந்து சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கேன் அறைப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். முட்டுகிறது என்ற அந்தச் சொல் கோமதிநாயகத்துக்குப் பிடிக்கவில்லை. கன்று மடியை முட்டும். பூட்டின கதவை உள்ளே அகப்பட்டுக்கொண்ட யாரோ முட்டலாம். தன் அடிவயிற்றுக்குள் அப்படி யாரும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு பாட்டிலைத் திறந்து இன்னும் இரண்டு மடக்கு குடித்தார். வண்ணார்பேட்டையில் மூத்திரக் கோளாறுக்கென்றே இருந்த அந்த ஆஸ்பத்திரியின் கூடத்தில், சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலிகளில் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் வயசாளிகள், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். யாரும் யாரோடும் பேசவில்லை. வெளியே உள்ள சத்தம் எதுவும் காதில் விழாதவர்கள் போல, உள்ளே எங்கேயோ ஒன்று அசைகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் போல முகத்தை வைத்திருந்தார்கள். தன் முகமும் அப்படித்தான் இருக்கும். கூட்ஸ் வண்டிக் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னல் கைகாட்டி இறங்காமல் வண்டி நின்றுவிட்டால் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து இதே மாதிரித்தான் கேட்டுக்கொண்டிருப்பார். முன்னால் எஞ்சினிலிருந்து ஒரு இழுப்பு வருகிறதா, பெட்டி இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அந்தச் சத்தம் தன்னை நோக்கி வருகிறதா. சில நாள் வராது. வெயிலில் தண்டவாளம் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். காலையில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா கேட்டாளே, ஆரம்பிக்க நேரமாகுதா ஐயா, விட்டு விட்டு வருதா, முக்க வேண்டியிருக்கா, போனப்புறமும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கா. தன் பேத்தி வயசுப் பிள்ளை முகத்தைப் பார்த்து ஒரு மனுஷன் இதையெல்லாம் எப்படிச் சொல்லுவான். அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லம்மா என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சண்பகம் சும்மா இருக்கவில்லை. “பொய் சொல்லுதாவ டாக்டர். பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு உள்ளயே நிக்காவ. சமைச்சு முடிச்சிட்டு வந்து பாத்தாலும் வெளிய வந்திருக்க மாட்டாவ. பேச்சுச் சத்தம் வேற கேக்கும்.” டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். யார் பேசுறாங்க என்றாள். “இவுகதான். என்னமோ முணுமுணுன்னு. எனக்கு வெளங்கல.” பேச்சா. நான் எங்கே பேசினேன். கோமதிநாயகத்துக்கு அது திக்கென்று இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு நிற்பது நிஜம். நிற்பதும், நெற்றியைச் சுவர் ஓட்டில் சாய்த்துக்கொள்வதும், ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் காலம் நீண்டு போவதும் நிஜம். ஆனால் வாயைத் திறந்ததாக ஞாபகமே இல்லை. டாக்டரம்மா அதை விட்டுவிட்டுக் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். இப்ப இருக்கிற மாதிரியே கடைசி வரைக்கும் இருக்கும்னா, உங்களுக்கு எப்படி இருக்கும் ஐயா? எல்லாரையும் கேட்கிற கேள்விதான், பதில் சொல்லுங்க என்றாள். கடைசி வரைக்கும் என்பது எது வரைக்கும். அவர் தண்ணீர் குடித்தார்.

முட்டியது. ஸ்கேன் அறையில் படுக்கவைத்து, வேட்டியைத் தழைத்து, அடிவயிற்றில் பசை மாதிரி எதையோ சில்லென்று பிதுக்கி, கைப்பிடிக் கருவி ஒன்றை வைத்து அழுத்தினாள் அந்தப் பெண். உயிர் போகிற மாதிரி இருந்தது. “நல்லா நெறஞ்சிருக்கு, இதோ பாருங்க” என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறப் புழுதிக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு குழி. மேட்டில் நின்று கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. அதுதான் உங்க மூத்திரப்பை என்றாள். அதன் அடியில், கழுத்துப் பக்கம், ஒரு முழங்கை போல என்னமோ உள்ளே புடைத்துக்கொண்டு இருந்தது. சுரப்பி வீங்கிக் கழுத்தை நெருக்குது, வயசானா வர்றதுதான், டாக்டர் சொல்லுவாங்க என்றாள். அவர் அதை மறுபடியும் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆம்பிளையின் அடிவயிற்றில் கையை வைத்து இப்படி அழுத்துவதை இதற்கு முன்னால் அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். எங்கே என்று நினைக்கப் போனவர் நினைக்காமல் திரும்பிக்கொண்டார். பூட்டிய அறையின் பக்கம் போய்விட்டுச் சாவியில்லை என்று திரும்பி வருவது போல.

அடுத்தது ஒரு சின்ன அறை. வெள்ளை ஓடு, மேலே தூக்கலாக ஒரு ஜன்னல், நடுவில் இரும்புக் காலில் ஒரு புனல், புனலுக்குக் கீழே ஒரு ஜாடி. அதிலிருந்து ஒயர் ஒன்று சுவர் வழியாகப் பக்கத்து அறைக்குப் போனது. “இதுக்குள்ள போங்க தாத்தா. எவ்வளவு வேகமாப் போகுதுன்னு மெஷின் கோடு போட்டுக்கும். அவசரமில்ல. முடிஞ்சதும் இந்த பெல்ல அமுக்குங்க” என்று சொல்லிவிட்டு, உதவியாக இருக்கட்டும் என்று கைகழுவும் தொட்டியின் குழாயை லேசாகத் திறந்துவிட்டுப் போனாள். கதவு மூடியது. கோமதிநாயகம் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேறு எப்படி நிற்பது. ஆனாலும் அப்படி நின்றதும் பிடரியில் ஒரு கூச்சம் ஏறியது. முதுகைக் காட்டி நிற்கிற ஆம்பிளையைப் பார்க்கக் கூடாது என்பது அவருக்குச் சின்னதிலிருந்தே உள்ள பயம். ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒருத்தன் அப்படி நிற்கத்தான் செய்வான். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒரு தடவை தட்டப்பாறைக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றபோது, செம்மண் காட்டில் ஒற்றைப் பனைமரத்தைப் பார்த்தபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஒன்றுக்குப் போகிறார் என்று கோமதிநாயகம் நினைத்தார். வெயில் ஏறியது, சிக்னல் கிடைக்கவில்லை, நின்றவர் அசையவில்லை. தன் நிழல் காலுக்கடியில் சுருங்கிக்கொண்டு வருவதையும் அந்த ஆள் பார்க்கவில்லை. வண்டி கிளம்பின பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மரமும் அவரும் ஒன்றாகிப் போகிற வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அது அப்பாவின் முகமாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது. பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் குழாய்க்கு என்ன, சும்மா போகிறது. புனலுக்குள் ஒன்றும் விழவில்லை. வயிறு மட்டும் இழுத்துப் பிடித்தது. முக்கினார். உச்சந்தலை வரைக்கும் ரத்தம் ஏறியது. ஒரு சொட்டு. அதுவும் வந்ததா, வருகிறது என்று நினைத்ததா.

அம்பாசமுத்திரத்து வீட்டில் அப்பாவும் இப்படித்தான் நின்றார். கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர் அப்பா. ஜப்தி வாரண்டோடு ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். வீட்டிலும் அவர் குரல் ஏறியே இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு வருஷமோ என்னமோ, பொழுது சாயும்போது புறவாசலுக்குப் போய்ப் பின்சுவரின் மூலையில் நிற்க ஆரம்பித்தார். அந்த மூலையில் சுவரின் நிறம் வேறு. கோமதிநாயகத்தின் அம்மா அவருக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் ஆவுடையம்மாள் வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனாள். செத்த நாள் சரியில்லை, வாசல் வழியாக எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று சுவரை இடித்து அந்த வழியாக அவளைக் கொண்டுபோனார்கள். பிறகு புதுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி அப்பா நிற்பார். நிற்பதோடு விடவில்லை. பேசுவார். வீட்டில் யாருமே கேட்டிராத குரல், கெஞ்சுகிற குரல். வாம்மா. வா. ஒருக்க வந்துட்டுப் போயிரு தாயி. அம்மா அதை முதலில் கேட்ட அன்றைக்கு அடுக்களையில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. தன்னிடம் ஒருநாள்கூட அந்தக் குரலில் பேசாதவர் சுவர் வழியாகப் போனவளை அழைக்கிறார். அவள் வந்துவிட்டாள், சுவருக்கு அந்தப்புறம் நிற்கிறாள் என்று அம்மா சொல்ல, தெரு சொல்ல, அது அப்படியே ஆகிப்போனது. அப்பா அங்கே நிற்கும்போது பிள்ளைகள் யாரும் புறவாசல் பக்கம் போகக் கூடாது. கோமதிநாயகம் வீட்டு நடையிலிருந்து அந்த முதுகை மட்டும் பார்த்திருக்கிறார். பிரமு அக்காவைத்தான் பாவம் சுத்தமாக ஒதுக்கினார்கள். செத்தவள் அதற்கு முன்னால் பெற்ற மகள் அவள். அவளுடைய பார்வை பட்டால் ஆகாது, அவள் மூலமாகத்தான் அவள் அம்மா உள்ளே வருகிறாள். ஆனால் அக்காவை அடிப்பதை மட்டும் கோமதிநாயகத்தின் அம்மா நிறுத்திவிட்டாள். கடைசியில் ஒருநாள் அப்பா சுவர்ப்பக்கத்திலிருந்து வரவில்லை. மண்ணில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி அடித்தொண்டையில் சத்தம் போட்டார். தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் பட்டாசாலையில் கிடத்தினபோது அடிவயிறு புடைத்துக் கல்லாக இருந்தது. பேயோட்டுகிற கோடாங்கி வந்தான். உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, அந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அப்பா கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. “இங்கனதான் இருக்கா. வயித்துப் பிள்ளையக் கொண்டாந்து இவரு வயித்துல வச்சிட்டா” என்றான் கோடாங்கி. யாரும் ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்தார்கள். மறுநாள் அப்பாவின் உயிர் அடங்கிப்போனது.

வலி இப்போது வயிற்றில் இல்லை, இடுப்பைச் சுற்றி, முதுகுத்தண்டு வழியாக ஏறி, பல் வரைக்கும் வந்துவிட்டது. பெல் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கையை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. நெற்றியை ஓட்டில் சாய்த்துக்கொண்டார். ஓடு சில்லென்று இருந்தது. வெளியே கூடத்தின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்களா. விளக்கை அணைத்துவிட்டு, ஆஸ்பத்திரியையே பூட்டிவிட்டு, இந்த அறைக்குள் ஒருத்தர் நிற்கிறார் என்பதை மறந்துவிட்டுப் போய்விட்டார்களா. குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. குழாய்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. மெதுவான, கெஞ்சுகிற, வயசான ஒரு குரல். அறைக்குள்தான் கேட்டது. வா. வாம்மா. ஒருக்க வந்துட்டுப் போயிரு. அப்பா பின்னால் நிற்கிறார். திரும்பக் கூடாது. திரும்பினால் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நிற்பார், கதவை மறைத்துக்கொண்டு நிற்பார், இத்தனை வருஷமும் காட்டாத முகத்தைக் காட்டுவார். வா தாயி, வா. குரல் இன்னும் பக்கத்தில் வந்தது. இதற்குமேல் பக்கம் இல்லை என்கிற அளவுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் தன் உதடு அசைவது அவருக்குத் தெரிந்தது. வாயை மூடினார். குரல் நின்றது. திறந்தார். வா, என்றது. அவர் யாரைக் கூப்பிடுகிறார். யாரையும் இல்லை. அடைத்துக்கொண்டு கிடக்கிற அந்தப் பாழாய்ப்போன தண்ணீரைக் கூப்பிடுகிறார். வந்து தொலை என்று சொல்லத் தெம்பில்லாமல் வாம்மா என்று கூப்பிடுகிறார். அப்பா யாரைக் கூப்பிட்டார். அந்த மூலையில்தான் சாக்கடை மடை இருந்தது. மடை. அங்கே போகாமல் வேறு எங்கே போவார். கல்லாக இருந்த அந்த வயிறு. கொஞ்சம் முன்னால் திரையில் பார்த்த கறுப்புக் குழி. ஐயோ அப்பா. அம்மா சாகிற வரைக்கும் அந்தச் சுவர்ப்பக்கம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லையே, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அங்கே ஒரு தட்டில் சோறு வைத்துவிட்டு ஓடி வந்தாளே. பிரமு அக்காவை அரக்கப்பரக்க ஒரு வயசான ஆளுக்குக் கட்டிக்கொடுத்து கோவில்பட்டிக்கு அனுப்பினார்களே. என் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லையே. அவள் வீட்டில் குழந்தை பிறந்ததுக்கு இங்கிருந்து ஒருத்தரும் போகவில்லையே. எல்லாம் மூத்திரமா. ஒரு மனுஷன் வெட்கப்பட்டு வெளியே சொல்லாத மூத்திரமா. கதவு தட்டுகிற சத்தம். “என்னங்க. என்ன செய்யுதிய உள்ள? யார்கிட்டப் பேசுதிய?” சண்பகத்தின் குரல். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வா, என்றுதான் வந்தது.

அப்புறம் நடந்தது துண்டு துண்டாகத்தான் இருந்தது. சண்பகம் தோளைத் தாங்கினாள். கட்டில். அடைச்சுக்கிட்டுது, தண்ணி நெறையக் குடிச்சதுல மொத்தமா அடைச்சுக்கிட்டுது என்று யாரோ சொன்னார்கள். வயசான நர்ஸ் ஒருத்தி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, “கூச்சப்படாதிய அண்ணாச்சி, இது எங்களுக்கு அன்னாடம் உள்ளது” என்றாள். எரிச்சல், நெருப்புக் கம்பி மாதிரி ஒரு எரிச்சல், தொடர்ந்து ஒரு அடைப்பு, அந்த அடைப்பைத் தாண்டி என்னவோ நழுவி உள்ளே போனது. உடனே அது போக ஆரம்பித்தது. அவர் எதுவும் செய்யவில்லை. முக்கவில்லை, கூப்பிடவில்லை. அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் குழாய் வழியாக இறங்கிக் கட்டிலுக்குக் கீழே தொங்கின பைக்குப் போய்க்கொண்டே இருந்தது. கல் இளகியது. தன் உடம்பிலிருந்து யாரோ ஒருத்தர் எழுந்து, அவசரமில்லாமல், வாசல் வழியாகவே வெளியேறிப் போவது போலிருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. சண்பகம் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். டாக்டரம்மா வந்து பார்த்தாள். கொஞ்ச நாள் டியூப் இருக்கட்டும், மாத்திரை தர்றேன், எடுத்துப் பார்ப்போம், போகலைன்னா சின்னதா ஒரு ஆபரேஷன், ரத்தத்துல ஒரு டெஸ்ட்டும் பார்த்துடலாம் என்றாள். “அம்மா, அந்தக் காலத்துல இதுக்கு என்ன செய்வாங்க?” என்று கேட்டார் கோமதிநாயகம். “எந்தக் காலத்துல?” “நான் சின்னப் பையனா இருக்கையில.” அவள் யோசித்துவிட்டு, அப்பவும் ரப்பர் குழாய் இருந்திருக்குமே ஐயா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா போட்டிருப்பாங்களே என்றாள். பெரியாஸ்பத்திரி பாளையங்கோட்டையில் இருந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து ரயில் இருந்தது.

சண்பகம் மாத்திரை வாங்கப் போனாள். அவர் போனை எடுத்து பிரமு அக்காவைக் கூப்பிட்டார். கூட்ஸ் வண்டி கோவில்பட்டியில் நிற்கிற நாட்களில் வேலிக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாள் அக்கா. அவரும் கொடியை ஆட்டுவார். அவ்வளவுதான் அவர்களுக்குள். ஓய்வு பெற்ற பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன். இன்றைக்கு அந்த மாதிரி நாள் எதுவும் இல்லையே என்று எடுத்ததுமே அவள் பயந்தாள். “ஒண்ணுமில்லக்கா. மூத்திரம் அடைச்சுக்கிட்டுது. டியூப் போட்டிருக்காவ. இப்பம் சௌரியமா இருக்கு.” “வலிக்காய்யா?” “இல்ல. அக்கா, ஒண்ணு சொல்லணும்.” சொன்னார். சுவர்ப்பக்கம் நின்று அப்பா கூப்பிட்டது ஒங்கம்மாவை இல்லக்கா, இதேதான் அவருக்கும், அவருக்குப் போகவில்லை, அதைத்தான் வா வா என்று கூப்பிட்டார், ஒங்கம்மா வரவும் இல்லை, யாரையும் கொல்லவும் இல்லை, உன்னை அத்தனை பேரும் சேர்ந்து. அதற்குமேல் வரவில்லை.

“தெரியும்யா” என்றாள் அக்கா.

“என்ன தெரியும்?”

“அவரு வேட்டியத் தொவச்சது நான்லா. முன்பக்கமெல்லாம் சொட்டுச் சொட்டா நனைஞ்சு காஞ்சிருக்கும். சித்தி கண்ணுல படாம அவரே கொண்டாந்து எங்கிட்டப் போடுவாரு. ஒருநாள் கேட்டுட்டேன். வரமாட்டேங்குது தாயி, யார்ட்டயும் சொல்லாதன்னாரு.”

“கோடாங்கி வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்லாக்கா.”

“சொன்னா எங்கம்மா போயிருவாளே.”

அவருக்குப் புரியவில்லை. அக்கா அவசரமில்லாமல் சொன்னாள். அவள் அங்கே நிற்கிறாள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அவள் நிற்கிறாள் என்கிற பயத்தில் சித்தி இவள்மேல் கை வைக்கவில்லை. அது மட்டுமில்லை. “எனக்கு அவ மொகமே தெரியாதுய்யா. எல்லாரும் அவளப் பத்திப் பேசுனது அப்பம் மட்டுந்தான். அவரு செத்துப்போவாருன்னு நான் கண்டேனா. ஒண்ணுக்கு வராம யாராவது சாவாங்களா? அந்த வயசுல எனக்கு என்ன தெரியும்?”

“ஒன்னக் குத்தம் சொல்லலக்கா.”

“அவரு கூப்பிடுதப்ப நடைக்கதவுக்குப் பின்னால நின்னு பாப்பேன். எதுக்குக் கூப்பிடுதாருன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். தெரிஞ்சும் நிப்பேன். இவ்வளவு கெஞ்சுதாரே, வந்தாலும் வருவாள்னு.” பிறகு, பக்கத்து வீட்டுக்காரி வந்துபோனதைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்: “வந்தா, கேட்டியா. ஒருநாள். அவரு பாக்கல, சொவத்தப் பாத்து நிக்காருல்லா. அவருக்கு முதுகுப்பக்கமா வந்து நின்னா. என்னையத்தான் பாத்தா.”

கோமதிநாயகம் போனை இன்னும் இறுக்கிக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப்பக்கம் பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. “அடுப்புல பாலு கெடக்கு, வைக்கேன்யா. ஒடம்பப் பாத்துக்கோ” என்று அக்கா வைத்துவிட்டாள்.

சண்பகம் மாத்திரைப் பையோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

“யாரு, கோவில்பட்டி அக்காவா? என்ன சொன்னாவ?”

“அடுப்புல பால் இருக்காம்” என்றார் அவர்.